கிட்டார் தலையைக் கழுத்தோடு ஒட்டக் கற்ற கதை

கிட்டாரைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கழுத்து நேராகப் போய், நட் (கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டை) இருக்கும் இடத்தில் தலை பின்பக்கமாகச் சாயும். கம்பி நட்டின் மேல் நன்றாக அழுந்தி உட்காரத்தான் இந்தச் சாய்வு. லியோ ஃபெண்டர் தன் எலக்ட்ரிக் கிட்டார்களுக்குத் தட்டைப் பலகையிலேயே சாய்வில்லாத தலையை வெட்டினார். அதனால் சில கம்பிகளைக் கீழே அழுத்திப் பிடிக்கத் தலையில் ஒரு சின்னப் பிடிப்பை வைக்க வேண்டியிருந்தது. ஸ்பானிய கிட்டாரில் அந்த வழி கிடையாது. ஏறக்குறைய 15 டிகிரி சாய்வை மரத்திலேயே கொண்டுவந்தாக வேண்டும்.

தடித்த கட்டை ஒன்றை எடுத்து, தலையையும் கழுத்தையும் சேர்த்தே செதுக்கலாம். மரம் நிறைய வீணாகும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நார்தான் பிரச்சினை. கட்டையில் நார் கழுத்தின் நீளத்துக்கு நேராக ஓடுகிறது. தலை சாயும் இடத்தில் அது குறுக்காக வெட்டுப்பட்டு, குட்டை நாராக நிற்கும். கிட்டார் மல்லாக்க விழுந்தால் முறிவது அங்கேதான். ஒரே மரத்தில் குடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணைக்கு நம் ஊரில் இருக்கும் மதிப்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒட்டு என்றாலே ஒருபடி குறைவு என்ற எண்ணம் இருந்தது. கிட்டார் கழுத்தில் கணக்கு வேறு. இங்கே ஒட்டுப்போட்டதுதான் உறுதி.

நான் இதைக் கற்றது கிரனாடாவில், அல்ஹாம்ப்ரா கோட்டைக்கு ஏறிப்போகும் குவெஸ்தா தே கோமேரெஸ் தெருவை ஒட்டிய ஒரு பட்டறையில். கிட்டார் செய்பவர்களுக்குப் பேர்போன தெரு அது. கழுத்துக்குக் கொடுத்த மரம் ஸ்பானிஷ் சீடார். பெயர்தான் சீடார், உண்மையில் வேம்பின் குடும்பம், லத்தீன் அமெரிக்காவில் வளர்வது. சுருட்டுப் பெட்டி செய்வதும் இதில்தான். இழைக்கத் தொடங்கியதும் பட்டறை முழுக்க அந்த வாசனை ஏறிவிடும்.

வேலை இதுதான். 22 மில்லிமீட்டர் தடிமன், 70 மில்லிமீட்டர் அகலம் உள்ள பலகையின் ஒரு முனைப்பக்கம் 15 டிகிரியில் கோடு போட்டு, தடிமன் வழியாகச் சாய்வாக அறுக்க வேண்டும். துண்டாக வரும் பகுதிதான் தலை. அதைக் குப்புறத் திருப்பி, அறுத்த முகம் கழுத்தின் அடிப்பக்கத்தில் படியுமாறு வைத்தால், தலை தானாகவே 15 டிகிரி சாய்ந்து நிற்கும். இதைத்தான் ஸ்கார்ஃப் ஜாயின்ட் என்கிறார்கள். இப்படி வைக்கும்போது தலையின் நார் தலையின் நீளத்திலேயே ஓடுகிறது, குட்டை நாருக்கு இடமே இல்லை. அதோடு, 22 மில்லிமீட்டர் பலகையைச் சாய்வாக அறுத்தால் வெட்டு முகம் 85 மில்லிமீட்டர் நீளம் வரும். கிட்டத்தட்ட 60 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பசை பிடிக்கிறது. அதே பலகையை நேர்க்குறுக்காக அறுத்திருந்தால் 15 சதுர சென்டிமீட்டர்தான்.

அறுப்பதில் பெரிய வித்தை இல்லை. நாலு பக்கமும் கூரான கோடு, கோட்டுக்கு வெளியே ரம்பம், ஒரு பக்கமாகவே அறுத்துக்கொண்டு போகாமல் அடிக்கடி புரட்டி அறுப்பது, அவ்வளவுதான். உண்மையான படிப்பு இழைப்புளியில் தொடங்கியது.

அறுத்த இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கழுத்து கீழே, தலைத்துண்டு திருப்பிப்போட்டு மேலே. இரண்டு சாய்வும் சேர்ந்து ஒரே ஏற்றமாகத் தெரியும். அடியில் ஒரு வேண்டாத பலகையை வைத்து, எல்லாவற்றையும் கிளாம்ப்பில் இறுக்கி, இரண்டு முகத்தையும் ஒரே சமயத்தில் இழைக்க வேண்டும். சாய்வு முடியும் விளிம்பு காகிதம் போல மெலிந்திருக்கும். மேலிருந்து கீழே மட்டும் தள்ளினால், தலைத்துண்டின் விளிம்பைக் கழுத்து தாங்கும், கழுத்தின் விளிம்பை அடிப்பலகை தாங்கும். கீழிருந்து மேலே ஒரே ஒரு தள்ளு தள்ளினாலும் விளிம்பு பிய்ந்து வந்துவிடும். இந்த அடுக்கு முறை எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பது கையில் இழைப்புளி இருக்கும்போதுதான் புரியும்.

சாய்வு முழுவதும் பென்சிலால் கிறுக்கிவிட்டு இழைக்கச் சொன்னார் ஆசிரியர். மேடு இருக்கும் இடத்தில் கிறுக்கல் முதலில் மறையும், பள்ளத்தில் அப்படியே நிற்கும். எனக்கு நடுவில் சீக்கிரம் மறைந்தது, இடது ஓரத்தில் பிடிவாதமாக நின்றது. அதற்காக ஓரத்தைத் தோண்டக் கூடாது, மற்ற இடங்களை அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். கிறுக்கல் எல்லாம் ஒன்றாக மறையும்வரை இழைத்துவிட்டு, நேர்ச்சட்டத்தை நீளவாக்கிலும் மூலைவிட்டத்திலும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பேன். வெளிச்சக்கீற்று தெரிந்தால் மறுபடியும் பென்சில். குறுக்கே மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது இன்னும் முக்கியம். அங்கே சரியில்லை என்றால் தலை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்த வைத்தியமும் செல்லாது. கழுத்தின் அடிமுகமும் இதே அளவுக்குத் தட்டையாக இருக்க வேண்டும், ஒட்டின் மறுபாதி அதுதானே.

“கிளாம்ப்பை நம்பாதே. பசை இல்லாமல் கையால் அழுத்தினாலே கோடு மறைய வேண்டும்” என்பார் ஆசிரியர். இறுக்கி மூடிய இடைவெளி என்றைக்கும் இடைவெளிதான் என்பது அவர் கட்சி. இப்போது எனக்கும் அதுவே.

பசை தடவியதும் புதுத் தலைவலி. சாய்ந்த முகங்கள் வழுக்கும். கிளாம்ப்பை இறுக்க இறுக்கத் தலை முன்னால் நழுவும். இதற்குத் தீர்வு, பசை இல்லாமல் பொருத்திப் பார்க்கும்போதே இரண்டு மெல்லிய ஆணிகளை அடித்து, அந்த ஆணிகளின் கொண்டையை நறுக்கிவிடுவது; துண்டுகள் நழுவாமல் அவை பிடித்துக்கொள்ளும். நட் இருக்கும் இடத்தில் கழுத்து 52 மில்லிமீட்டருக்கு ஒடுங்கிவிடும் என்பதால் இரண்டு ஓரத்திலும் கழிவு மரம் இருக்கிறது. ஆணி அங்கே போனால் பின்னால் கழிவோடு போய்விடும். பசை, தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய வச்சிரம். 60 டிகிரி சூட்டில் வைத்திருக்க வேண்டும், மிஞ்சினால் பிடிப்பு குறையும். ஆறினால் உடனே உறைய ஆரம்பிக்கும், ஆகவே மரத்தையும் முன்பே சூடாக்கிக்கொண்டோம். சாய்வாக வெட்டிய முகம் பசையை உறிஞ்சும் என்பதால் முதலில் நீர்த்த பசையாக ஒரு பூச்சு, அப்புறம் முழுப் பசை. மறுநாள்வரை கிளாம்ப்பைத் தொடவில்லை.

நல்ல மரத்தில் கைவைப்பதற்கு முன் கழிவுத் துண்டில் இதே ஒட்டைப் போட்டு, காய்ந்ததும் கொட்டாப்புளியால் அடித்து உடைத்தோம். எல்லாரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். பசைக்கோடு அப்படியே இருந்தது. பக்கத்து மரம்தான் நீள நீளச் சிம்பாகக் கிழிந்து வந்தது.

தலையைக் கழுத்தோடு சேர்க்க வேறு முறைகளும் உண்டு. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் செய்யும் டி-28 கிட்டாரின் தலைக்குப் பின்னால் கூராக ஒரு மேடு இருக்குமே, அது ஒரு பழைய இணைப்பின் மிச்சம். கழுத்து ஒரே மரமாக மாறிய பிறகும் அலங்காரமாகத் தங்கிவிட்டது. கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீமுக்காக 1973இல் புகழ்பெற்ற கிட்டாரைச் செய்த ஹோசே ரொமானில்லோஸ் வி வடிவ இணைப்பையே விரும்பினார். அழகான வேலை. ஆனால் அதில் பல முகங்கள் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். ஒரே ஒரு முகத்தைத் தட்டையாக இழைக்கக் கை பழகாமல் அதில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கழுத்தைச் செதுக்கியபின் தலையின் பக்கவாட்டில் ஒட்டுக்கோடு தலைமயிர் அளவுக்குத் தெரிகிறது. சாயம் பூசி மறைக்கலாம் என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். அதன் மேல் வெறும் ஃபிரெஞ்ச் பாலிஷ் (அரக்குப் பூச்சு)தான் போட்டிருக்கிறேன்.