டாக்கோவுக்குப் பிறகு குஸ்தி

மெக்சிகோ சிட்டிக்குப் போகிற நம்மவர்கள் தெயோத்திவாக்கான் பிரமிடு பார்ப்பார்கள், ஃப்ரீடா காலோவின் நீல வீட்டு வாசலில் வரிசை நிற்பார்கள், சோச்சிமில்கோவில் படகு ஏறுவார்கள். எதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், அதை வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் சாப்பிட்டுவிட்டு அரேனா மெஹிக்கோ அரங்கில் முகமூடிக் குஸ்தி பாருங்கள் என்பேன். இரண்டையும் சேர்த்து அழைத்துப்போகிற டூர்கள் நிறைய உண்டு. நான் போனதும் அப்படி ஒன்றில்தான்.

வழிகாட்டியாக வந்த பெண் அரேனா இருக்கிற டொக்டோரெஸ் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் பாட்டியோடு குஸ்தி பார்க்கப் போய்ப் பழகியவராம். சால்தோ தெல் ஆகுவா மெட்ரோ நிலைய வாசலில் எங்களைக் கூட்டி நிறுத்தி, "எங்கேயும் வயிறு முட்டச் சாப்பிடாதீங்க, அடுத்த கடை இதைவிட நல்லா இருக்கும்" என்றார். ஒவ்வொரு கடையிலும் இதையே சொன்னார். ஒரு கடையிலும் எங்களால் கேட்க முடியவில்லை.

முதலில் நடைபாதையில் அடுப்பு வைத்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் த்லக்கோயோ. நீல மக்காச்சோள மாவை நீள்வட்டமாகத் தட்டி, உள்ளே மசித்த பீன்ஸ் வைத்துக் கல்லில் போடுகிறார். மேலே வதக்கிய சப்பாத்திக்கள்ளி, வெங்காயம், உதிர்த்த சீஸ். சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் இதுதான் கைகொடுக்கும். ஆனாலும் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், பல இடங்களில் அப்படித்தான்.

அடுத்தது லூயிஸ் மோயா தெருவில் எல் குவாத்ரிலாத்தெரோ. சூப்பர் அஸ்த்ரோ என்ற குஸ்தி வீரரின் தோர்த்தா கடை. தோர்த்தா என்றால் மெக்சிகோ சாண்ட்விச். சுவரெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் முகமூடிகள். இங்கே 'கிளாடியேட்டர்' என்று ஒரு தோர்த்தா பிரபலம். முட்டை, இறைச்சி, சாசேஜ், சீஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அடைத்த, ஒரு கிலோவைத் தாண்டும் ரொட்டி. கால் மணி நேரத்துக்குள் தின்று முடித்தால் காசு வேண்டாம். எங்கள் குழுவில் ஒரு ஆஸ்திரேலியப் பையன் துள்ளினான். வழிகாட்டி அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்து, சின்னதாக ஒன்று வாங்கி எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்.

பக்கத்து ஆராந்தா தெருவில் லாஸ் துவெலிஸ்தாஸ், நூறாண்டு தாண்டிய புல்கே கடை. ஆனைக்கற்றாழையின் நடுவைக் குடைந்து, அங்கே ஊறுகிற இனிப்பு நீரை எடுத்துப் புளிக்க வைத்தால் புல்கே. பதநீரும் கள்ளும் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நிறம்கூட அதேதான். குடிக்கும்போது மட்டும் வித்தியாசம் தெரியும்: குவளையைச் சாய்த்தால் நூலாக இழுக்கிறது. அந்த வழவழப்பு பிடிக்காதவர்களுக்காகக் கொய்யா, மாம்பழம், ஓட்ஸ் கலந்து தருகிறார்கள். சாணியைப் போட்டுத்தான் புளிக்க வைக்கிறார்கள் என்று போன நூற்றாண்டில் ஒரு வதந்தி பரவியதாம். அதைக் கிளப்பிவிட்டது பீர் கம்பெனிகள்தான் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். பீரிடம் தோற்றுக் கிடந்த புல்கேவை இப்போது இளசுகள்தான் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கடைக்குள் ராக் இசை அலற, காலேஜ் பிள்ளைகளும் பல் போன பெரியவர்களும் ஒரே மேஜையில். ஒரு குவளைக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னார். இந்த ஒன்றை மட்டும் கேட்டோம்.

பிறகு வந்தது அல் பாஸ்தோர் டாக்கோ. மிளகாய் வற்றலும் அச்சியோத்தே என்ற சிவப்பு விதையும் அரைத்து ஊறவைத்த பன்றிக்கறியைத் துண்டு துண்டாகக் கம்பியில் கோத்து, உச்சியில் உரித்த அன்னாசியைக் குத்திச் சுழலவிட்டிருக்கிறார்கள். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாதான் இது. ஆட்டுக்கறி பன்றிக்கறியாகி, ரொட்டி மெல்லிய மக்காச்சோள அடையான டோர்த்தியாவாகி, மிளகாய் ஏறி இந்த ஊர்ப் பண்டமாகிவிட்டது. கடைக்காரர் இடது கையில் டோர்த்தியா, வலது கையில் நீளக் கத்தி. கறியை மெல்லிசாகச் சீவுகிறார், அது தானே டோர்த்தியாவில் விழுகிறது. கடைசியில் கத்தி நுனியால் உச்சி அன்னாசியில் ஒரு சுண்டு. ஒரு துண்டு பறந்து வருகிறது, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிப் பிடிக்கிறார். இதை அவர் பார்த்துக்கூடச் செய்யவில்லை, பக்கத்திலிருப்பவரிடம் கால்பந்து பேசிக்கொண்டே செய்கிறார்.

பிளாஸ்டிக் தட்டைப் பாலித்தீன் பைக்குள் நுழைத்துத் தருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் பையை மட்டும் உருவி எறிந்துவிட்டு அடுத்தவருக்கு அதே தட்டு. கழுவத் தண்ணீர் வேண்டாம். சுற்றுச்சூழல்காரர்கள் திட்டட்டும், தெருக்கடையில் வயிறு கெடாமல் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். காசு கடைசியில்தான். எத்தனை டாக்கோ என்று அவர்கள் எண்ணுவதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். அத்தனை கூட்டத்திலும் யாரும் குறைத்துச் சொன்னதாக எனக்குப் படவில்லை.

டாக்கோ மேல் ஊற்றிக்கொள்ளும் சட்னி மாதிரியான பச்சை சல்சா காரமா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார் கடைக்காரர். நாமெல்லாம் காரத்துக்குப் பிறந்தவர்கள் என்ற மிதப்பில் தாராளமாக ஊற்றிக்கொண்டேன். மிளகாயே இந்த மண்ணிலிருந்து போர்ச்சுகீசியக் கப்பலில் நம் ஊருக்கு வந்ததுதான் என்பது காது அடைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பெரிய தம்ளர் புளித்தண்ணீர் காப்பாற்றியது. ஆமாம், புளிதான். நம் பக்கத்துக் கண்டங்களிலிருந்து போன புளியை சர்க்கரை போட்டு ஜில்லென்று குடிக்கிறார்கள். ரசத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு நாம் ஏன் விட்டுவிட்டோம் என்று புரியவில்லை.

அங்கிருந்து நடை. டொக்டோரெஸில் தெருக்களுக்கெல்லாம் டாக்டர்கள் பெயர். அரேனா இருப்பது டாக்டர் லவிஸ்தா தெரு. போகிற வழியில் வழிகாட்டி கதை சொல்லிக்கொண்டே வந்தார். சல்வதோர் லுத்தெரோத் என்பவர் டெக்ஸாஸ் எல்லையில் ரெஸ்லிங் பார்த்து மயங்கி, 1933 செப்டம்பரில் மெக்சிகோ சிட்டியில் கம்பெனி தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.எல்.எல்., உலகில் விடாமல் நடந்துவரும் ரெஸ்லிங் கம்பெனிகளில் மிகப் பழையது. இப்போதைய அரேனா 1956இல் திறந்தது, பதினாறாயிரத்துக்கும் மேல் உட்காரலாம். வீரர்களுக்கு முகமூடி தைத்துக் கொடுத்தவர் அந்தோனியோ மார்த்தீனெஸ் என்ற செருப்புத் தைக்கும் கலைஞர். முகமூடியின் பின்பக்கத்தைப் பாருங்கள், ஷூவில் போல ஓட்டை போட்டு லேஸ் கட்டியிருக்கும். சண்டையில் வில்லன்களின் கை முதலில் போவதும் அந்த லேஸுக்குத்தான்.

வில்லன்களை ரூடோ என்கிறார்கள், நல்லவர்களை டெக்னிக்கோ. வாசலில் முகமூடிக் கடைகள் வரிசையாக. வெள்ளி நிற முகமூடி இல்லாத கடையே இல்லை. அது எல் சாந்தோவுடையது. 1942இல் சாந்தோவாக ரிங்கில் ஏறி, ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, கடைசிவரை முகம் காட்டாதவர். 1984இல் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். சில நாளில் மாரடைப்பில் இறந்தார். முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

நம் தலைமுறைக்கு ரெஸ்லிங் என்றால் ட்ரம்ப் கார்டு, அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், அப்புறம் ரே மிஸ்டீரியோ. அந்த ரே மிஸ்டீரியோ 1999இல் அமெரிக்காவில் ஒரு ஆட்டத்தில் தோற்று முகமூடியை இழந்தார், 2002இல் மறுபடி போட்டுக்கொண்டு வந்தார். பெயரைச் சொன்னதும் வழிகாட்டி முகம் சுளித்தார். இங்கே முகமூடியைப் பந்தயம் வைத்துத் தோற்றால் தோற்றதுதான். ரிங் நடுவில் நின்று லேஸை அவிழ்த்து, சொந்தப் பெயர், சொந்த ஊர், எத்தனை வருஷமாகக் குஸ்தி போடுகிறார் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். 2008இல் புளூ பேந்தர் என்ற வீரர் அப்படி நின்றபோது அரங்கமே அழுததாம். அவர் ஏற்கெனவே முப்பது வருஷம் ஆடியவர்.

குழுவில் ஒருவர் கேட்டே விட்டார், எல்லாம் செட்டப்தானே என்று. "பேசி வெச்சதுதான், அதுக்காக விழுந்தா வலிக்காதா?" என்றார் வழிகாட்டி. 2015 மார்ச்சில் திஹுவானாவில் பெரோ அகுவாயோ ஹூனியர் என்ற வீரர் ஆட்டத்தின் நடுவே கழுத்தில் அடிபட்டு, கயிற்றில் சரிந்தார், பிழைக்கவில்லை. அவர் நினைவிழந்ததே தெரியாமல் ஆட்டம் கொஞ்ச நேரம் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் எடுக்கவில்லை.

உள்ளே போகும்போது பையைத் துழாவினார்கள். பெரிய கேமரா கூடாது, போன் பரவாயில்லை. இருக்கை காட்டுகிறவருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டும். ரிங்கைச் சுற்றி பீர்க்காரர்கள், சிப்ஸில் மிளகாய்ச் சாறு ஊற்றித் தருகிறவர்கள். வெந்நீர் ஊற்றிய கப் நூடுல்ஸ்கூட விற்கிறது. இவ்வளவு தின்றுவிட்டு வந்தும் ஆஸ்திரேலியப் பையன் அதையும் வாங்கினான்.

எட்டரைக்கு ஆரம்பம். பெரும்பாலும் மூன்று பேருக்கு மூன்று பேர், மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். கூட்டாளியின் கையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதில்லை, ஒருவர் ரிங்கை விட்டு வெளியே விழுந்தால் போதும், அவர் அணியில் அடுத்தவர் நுழையலாம். அதனால் ஆட்டம் நிற்பதே இல்லை. மேல் கயிற்றிலிருந்து ஒருவர் வெளியே பாய்கிறார், எழுந்திருப்பதற்குள் அவர் மேல் இன்னொருவர். மூன்றாவது வரிசையில் இருந்த எங்கள் மேல் வியர்வை தெறித்தது. நாங்கள் போன இரவு மிஸ்டிகோ ஆடவில்லை. சனம் கொண்டாடுகிற அந்த ஆளைச் சுவரொட்டியில்தான் பார்த்தேன்.

எனக்கு முன்னால் வெள்ளை ஸ்வெட்டர் போட்ட ஒரு பாட்டி, மடியில் பேரன். அதுவரை அவனுக்கு ஒவ்வொன்றாகப் பாப்கார்ன் ஊட்டிக்கொண்டிருந்தவர், கறுப்பு முகமூடி ரூடோ ஒருவன் நடுவர் பார்க்காத நேரம் கீழே உதைத்ததும் எழுந்து நின்று ஒரு வசவு விட்டார். அர்த்தம் கேட்டேன், வழிகாட்டி சொல்ல மறுத்துவிட்டார். அந்த ரூடோ நேராக வந்து கம்பித் தடுப்பில் சாய்ந்து, பாட்டியின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பதிலுக்குத் திட்டினான். பாட்டி ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. கடைசியில் அவனே கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அன்றைய சிறந்த சண்டை அதுதான். இந்தப் பாட்டிகள் இல்லாமல் அதே வீரர்களை டி.வி.யில் பார்த்தால் பாதி ருசிதான்.

கடைசிக்கு முந்தின ஆட்டம் பிரமாதம். முடிந்ததும் சில்லறை பறந்தது. கோபத்தில் அல்ல, மெச்சித்தான். நன்றாக ஆடியவர்களுக்கு ரசிகர்கள் ரிங்குக்குள் காசு வீசுவது இங்கே பழைய வழக்கம். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் குனிந்து பொறுக்குகிறார்கள், இருபது பெசோ தாள்கள் கசங்கிக் கிடக்கின்றன. நானும் இரண்டு நாணயம் வீசினேன். ஒன்று கயிற்றில் பட்டுத் திரும்பி வந்து பாட்டியின் ஸ்வெட்டரில் விழுந்தது. எடுத்து, என்னைவிட நன்றாகக் குறிபார்த்து வீசினார்.

டூர் எடுத்துத்தான் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். சாப்பாட்டுப் பாதிக்கு வேண்டும், எந்தத் தெருவில் எந்தக் கடை என்று நமக்குத் தெரியாது. குஸ்திப் பாதிக்கு வேண்டாம். டிக்கெட்டை அரேனா கவுண்டரிலேயே வாங்கலாம், டூர்க்காரர் வாங்கும் தொகையில் சிறு பகுதிதான் ஆகும். வாசலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்கிறவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். வெள்ளி கிடைக்காவிட்டால் செவ்வாய் இரவும் ஞாயிறு சாயங்காலமும் ஆட்டம் உண்டு, ஞாயிறில் குழந்தைகள் அதிகம். பழைய கட்டடம் பிடிக்குமென்றால் மையப் பகுதியில் 1943இல் கட்டிய அரேனா கோலிசேயோவுக்கு ஒரு சனிக்கிழமை போங்கள். எங்கே போனாலும், முடிந்ததும் அந்தப் பக்கத்துச் சந்துகளில் காலாற நடக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். போனில் வண்டியைக் கூப்பிட்டு, அது வரும்வரை வாசல் வெளிச்சத்திலேயே நில்லுங்கள். அங்கேயே டாக்கோ வண்டி ஒன்று இருக்கும், பசி இருந்தால்.