என் இணைய நேரத்துக்கு ஒரு செக்ரோல்: மலேசியாவின் சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

பிரவுசரில் என் நேரம் எங்கே போகிறது என்று எழுதி வைக்கும் ஒரு சின்னக் கருவியைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். இப்படிப்பட்ட கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆக்டிவிட்டிவாட்ச் இலவசம், திறந்த மூலம், தகவலை நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். ஆனால் அது கணினியில் திறக்கும் எல்லாச் செயலிகளையும் கவனிக்கும். எனக்கு இணையதளங்களின் கணக்கு மட்டும் போதும். அதோடு, என்னைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு வரியும் எப்படி எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் குரோமின் ஹிஸ்டரி கோப்பைத் திறந்து பார்த்தேன். அது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். நேரத்தை 1601 ஜனவரி 1-லிருந்து மைக்ரோ விநாடிகளாக எண்ணி வைத்திருக்கிறது. எந்தப் பக்கத்துக்கு எப்போது போனேன் என்பது அதில் கிடைக்கும். அந்தப் பக்கம் திறந்திருந்த நேரமெல்லாம் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேனா என்பது கிடைக்காது. நான் தேடுவது அந்த இரண்டாவது விஷயத்தை.

மார்ச் 5, புதன்

சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். "அப்போ இது செக்ரோலு மாதிரி" என்றார் உடனே. தோட்டத்தில் ஆள் வந்ததையும் சம்பளத்தையும் எழுதி வைக்கும் பதிவுப் புத்தகம்தான் செக்ரோல்.

அப்புறம் அவர் பேச்சு நிற்கவில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். பேர் போட்டால்தான் அன்றைக்குச் சம்பளம். மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. மாதக் கடைசியில் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், சொல்வதுதான் கணக்கு. "நீங்க அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். "நம்மளை யாரு பார்க்க விட்டா?"

ராத்திரி வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து நோட்டில் எழுதினேன்: கணக்கு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. ஒரே சொடுக்கில் முழுவதும் திறக்க வேண்டும். எந்த வரியையும் நானே அழிக்க முடிய வேண்டும். தளத்தின் பெயர் மட்டும் போதும், முழு முகவரி வேண்டாம். முழு முகவரியில் நாம் தேடிய சொற்கள்கூட ஒட்டிக்கொண்டு வரும்.

மார்ச் 8, சனி

குரோம் பிரவுசரோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரலாக, அதாவது நீட்சியாக, எழுதுகிறேன். டேப் மாறும்போதும், அதே டேப்பில் முகவரி மாறும்போதும், வேறு செயலிக்குப் போகும்போதும் பிரவுசர் நீட்சிக்குத் தகவல் சொல்லும். அந்தக் கணத்தில் பழைய தளத்தின் கணக்கை மூடி, புதியதைத் திறக்க வேண்டும். பிரவுசர் ஜன்னல் எதிலும் கவனம் இல்லை என்றால் அடையாள எண் -1 என்று வரும். அப்போது எந்தத் தளத்துக்கும் நேரம் சேராது.

நீட்சிகளை எழுதுவதற்கான மேனிஃபெஸ்ட் 3 என்ற முறையில் ஒரு முக்கியமான சங்கதி உண்டு. பின்னணியில் ஓடும் நிரல் பகுதியான சர்வீஸ் வொர்க்கருக்கு 30 விநாடி வேலை எதுவும் வராவிட்டால் குரோம் அதை நிறுத்திவிடும். நினைவகத்தில் வைத்திருந்த மாறிகளெல்லாம் அதோடு போய்விடும். அதனால் "எந்தத் தளம், எப்போது தொடங்கியது" என்பதை ஒவ்வொரு நிகழ்விலும் பிரவுசர் நீட்சிக்குத் தரும் சேமிப்பிடமான ஸ்டோரேஜில் எழுதிவிடுகிறேன். அங்கே 10 எம்பி வரை இடம் உண்டு. தளத்தின் பெயரும் விநாடியும்தான் எழுதுகிறேன் என்பதால் அது பல வருஷத்துக்குத் தாங்கும்.

மார்ச் 12, புதன்

திரையைத் திறந்து வைத்துவிட்டு, ரமலான் மாதச் சந்தையான நோன்பு பசாருக்குப் போனால் என்ன ஆகும்? அதற்கு ஐடில் என்ற வசதி இருக்கிறது. நாம் குறித்த நேரம் வரை விசைப்பலகையிலும் மவுஸிலும் அசைவு இல்லையென்றால் அது சொல்லிவிடும். குறைந்தது 15 விநாடி, வழக்கமாக 60. நான் இரண்டு நிமிடம் வைத்திருக்கிறேன். கடைக்காரர்களின் ரசீதுகளைக் கையில் வைத்துச் சரிபார்க்கும் வேலை எனக்கு, ஒரு நிமிடம் மவுஸைத் தொடாமல் இருப்பது சகஜம்.

வீடியோ பார்க்கும்போது யாரும் மவுஸைத் தொடுவதில்லை. டேப்பிலிருந்து சத்தம் வருகிறதா என்பதையும் பிரவுசர் சொல்லும். ஐடில் என்று வந்தாலும் முன்னால் இருக்கும் டேப்பில் சத்தம் இருந்தால் நேரம் ஓடட்டும் என்று வைத்தேன். அம்மா நாடகம் பார்க்கும் மணிநேரமும் இப்போது சரியாகப் பதிவாகிறது.

மார்ச் 15, சனி

நாள் எப்போது மாறுகிறது என்பதற்கே தனியாக உட்கார வேண்டியிருந்தது. நான் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தேதியை ஐஎஸ்ஓ என்ற பொது வடிவில் எடுத்தால் கிடைப்பது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். மலேசியாவில் நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அப்படியே விட்டால் காலை 8 மணிக்குத்தான் புது நாள் பிறக்கும், விடியற்காலை வேலையெல்லாம் முந்தின நாளில் போய் விழும். அதனால் உள்ளூர்த் தேதியையே எடுக்கிறேன். நள்ளிரவைத் தாண்டி ஓடும் கணக்கை 12 மணியில் வெட்டி இரண்டு நாளாகப் பிரிக்கிறேன்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "முன்னெல்லாம் ஏழரை மணி நேரம்தானே முன்னால இருந்தோம்" என்றார். உண்மைதான். தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1-ல்தான் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாவதற்காகச் செய்தது.

மார்ச் 21, வெள்ளி

மாலை இடி மழை, கரண்ட் போனது. இந்த மடிக்கணினியின் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது, உடனே அணைந்துவிட்டது. இதற்காகத்தான் அரை நிமிடத்துக்கு ஒரு முறை அலாரம் வைத்து, "இன்னும் ஓடுகிறேன்" என்று நேரத்தைக் குறிக்கச் செய்திருந்தேன். குரோம் 120-லிருந்து 30 விநாடி அலாரம் அனுமதி. மறுபடி திறந்தபோது கடைசிக் குறியோடு கணக்கு நின்றிருந்தது. இடைவெளி எந்தத் தளத்தின் பெயரிலும் ஏறவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி!

மார்ச் 26, புதன்

பட்டியலைப் பார்த்தால் மேலே நிற்பவை செய்தித் தளங்கள். மொத்த நேரத்தைவிட, எத்தனை தடவை போனேன் என்ற பத்திதான் என்னை உலுக்குகிறது. பாதிக்கு மேல் ஒரு நிமிடம்கூட நிற்காத வருகைகள். ஒரு கடையின் கணக்கை எழுதி முடிப்பதற்குள் பல தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கை மட்டும் காட்டும் கருவியில் இது தெரியவே தெரியாது.

தளத்தைத் தடுத்து நிறுத்தும் வசதியையும் சேர்க்கச் சொன்னாள் தோழி. சேர்க்க மாட்டேன். தெரியப்படுத்துவது ஒரு வேலை, பூட்டுப் போடுவது வேறு வேலை. முதலாவது எனக்கு உதவுகிறது.

மார்ச் 29, சனி

பெருநாள் விடுமுறைக்கு அக்கா வந்திருக்கிறார். கருவியைப் பார்த்ததும், நாலாம் படிவம் படிக்கும் மகனுடைய கணினியில் போட்டு, அவன் கணக்கு தன் கைப்பேசிக்கு வரும்படி செய்யச் சொன்னார். முடியாது என்றேன். இதில் வெளியே அனுப்பும் வரி ஒன்றுகூட இல்லை, எழுதவும் மாட்டேன்.

அக்காவுக்குக் கோபம். "பிள்ளை கெட்டுப் போனா நீ பார்ப்பியா?" அம்மாதான் நடுவில் வந்தார்: "அவன் புத்தகம் அவன்கிட்டயே இருக்கட்டும். காட்டுன்னு கேளு, காட்டுவான்."

பையனிடம் கேட்டேன். போட்டுக்கொள்கிறேன், ஞாயிறுதோறும் அம்மாவோடு உட்கார்ந்து நானே திறந்து காட்டுகிறேன் என்றான். ஆனால் அவன் ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துகிறான். அங்கே சர்வீஸ் வொர்க்கர் இல்லை, ஈவன்ட் பேஜ் என்ற வேறு ஏற்பாடு. நீட்சியின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் சில வரிகளை மாற்ற வேண்டும். அவனே பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். நாளைக்குள் முடித்துவிடலாம்.