ஐரோப்பியத் தொலைத்தொடர்புக் கொள்கைத் துறை: நான் படித்த வழி

பொறியியல் முடித்து நான்கு வருடம் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு, பிரஸ்ஸல்ஸில் முதுகலை சேர்ந்தேன். முதல் பருவம் முழுக்க, 2018இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பை முதல் பிரிவிலிருந்து மனப்பாடம் செய்தேன். மொத்தம் 127 பிரிவுகள். ஒரு நிறுவனத்துக்குச் சந்தையில் ஆதிக்கம் இருக்கிறதா என்று எப்படி முடிவு செய்வது எனத் தேர்வில் கேட்டார்கள். 63ஆம் பிரிவு என்று எழுத முடிந்தது. எப்படி என்பதை எழுத முடியவில்லை. மதிப்பெண் மோசம்.

அப்புறம் ஒரு பேராசிரியை சொல்லித்தான், ஒரு நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சந்தை ஆய்வு முடிவை எடுத்து முழுதாகப் படித்தேன். அயர்லாந்தின் ஒழுங்குமுறை ஆணையமான காம்ரெக் ஆங்கிலத்திலேயே வெளியிடுகிறது, அதனால் அங்கே தொடங்குங்கள். சில நூறு பக்கம் வரும், மிரள வேண்டாம். அதில் முதலில் இந்தக் கேள்வியைத் தேடுங்கள்: ஃபைபர் இணைப்பின் மொத்த விற்பனை விலை 5 முதல் 10 சதவீதம் நிரந்தரமாக ஏறினால் வாங்குபவர்கள் கேபிளுக்கு மாறுவார்களா, ஃபைபரை விட மாட்டார்களா? அந்த ஒரு கேள்வியில்தான் சந்தையின் எல்லை பிறக்கிறது. எல்லை தெரிந்த பிறகே ஆதிக்கம் பற்றிப் பேச முடியும். அதற்குப் பிறகுதான் அந்த நிறுவனத்தின் மேல் என்ன கடமை சுமத்துவது என்பது வரும்.

வரைவு முடிவு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கும், நாடுகளின் ஒழுங்குமுறை ஆணையங்கள் சேர்ந்த பெரெக் அமைப்புக்கும் போகும். ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு மாத அவகாசம். பலமான சந்தேகம் எழுந்தால் இன்னும் இரண்டு மாதம். அப்போது ஆணையம் எழுதும் கடிதம் சில பக்கங்கள்தான். அதை முதலில் படித்துவிட்டு முடிவைப் படித்தால், வாதம் எந்த இடத்தில் பலவீனம் என்று பளிச்சென்று தெரியும். நான் அப்படிப் பத்து கடிதம் படித்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். எந்த வகுப்பையும்விட அதுதான் எனக்குக் கைகொடுத்தது.

நேர்காணலிலும் அதுவே காப்பாற்றியது. முன்கூட்டியே கட்டுப்பாடு தேவைப்படலாம் என்று ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைத்த சந்தைகள் 2003இல் 18, 2007இல் 7, 2014இல் 4, 2020இல் 2. ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். போட்டி வளர்ந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. நுழைவுத் தடை நீடிக்கிறதா, சந்தை தானாகப் போட்டியை நோக்கி நகர்கிறதா, போட்டிச் சட்டமே போதுமா என்ற மூன்று சோதனையையும் வைத்து விளக்கினேன்.

வேலை விஷயம். ஐரோப்பிய ஆணையத்தின் நிரந்தரப் பணிக்கான எப்சோ தேர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். அதே ஆணையத்தின் ப்ளூ புக் பயிற்சி ஐந்து மாதம், மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கும். மற்ற நாட்டவருக்கும் இடம் உண்டு, ஆனால் குறைவு. அந்தந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையங்களில் உள்ளூர் மொழி இல்லாமல் நுழைவது கடினம், பான் நகரில் உள்ள ஜெர்மனியின் ஆணையத்தில் வேலை வேண்டுமென்றால் ஜெர்மன் படியுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு பிரஸ்ஸல்ஸில் உள்ள தொழில் சங்கங்களும் ஆலோசனை நிறுவனங்களும்தான் எட்டக்கூடிய கதவு. விண்ணப்பத்தோடு நீங்களே எழுதிய அந்த ஒரு பக்கக் குறிப்புகளில் இரண்டை இணைத்து அனுப்புங்கள். என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டவர் மேசையில் என் சான்றிதழ்கள் இல்லை, அந்தக் குறிப்புகள்தான் இருந்தன, ஓரத்தில் பென்சிலால் கேள்விகள் எழுதியபடி.