அப்புத்தளை லொறி ரோட்டில் ஆறு மாதம்

ஏப்ரலில் தொடங்கிய பழக்கம், இந்த செப்டம்பரோடு ஆறு மாதம் ஆகிறது. அவ்வப்போது கொப்பியில் எழுதி வைத்த குறிப்புகளைச் சேர்த்து இதை எழுதுகிறேன். மலைநாட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்க நினைக்கிற ஒருவருக்காவது உதவட்டும்.

கொழும்பில் ஒருவர் பாவித்த கிறவல் சைக்கிளை, அதாவது கல்லும் மண்ணுமான ரோட்டுக்கென்று செய்த சைக்கிளைச் சித்திரைப் புதுவருடத்துக்கு முன் வாங்கினேன். பந்தய சைக்கிளைப் போலக் கீழே வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் 40 மில்லிமீற்றர் அகலம், முன்னும் பின்னும் கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக். ரயிலில் பார்சலாகப் போட்டு, அப்புத்தளை ஸ்டேஷனில் நானே இறக்கிக்கொண்டேன்.

பெருந்தெருவை முதல் வாரமே விட்டுவிட்டேன். பெரகலையிலிருந்து அப்புத்தளை வழியாகப் பண்டாரவளைப் பக்கம் போகும் ஏ16 வீதியில் வளைவுக்கு வளைவு பஸ்ஸும் லொறியும். ஒதுங்க ஓரம் கிடையாது. வீதியை விட்டு இறங்கினால் எங்கள் பக்கம் தோட்டம்தான். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், அந்தத் தோட்டத்து ரோடுகளை மிதித்தே வளர்ந்தேன். ஆனாலும் முதல் மூன்று ஞாயிறும் ஒரு ஏற்றத்தைக்கூட இறங்காமல் முடிக்க முடியவில்லை.

காரணம், பள்ளிக்கூடத்துக்கு ஓடிய காலத்துப் பழக்கம். காலுக்குத் தெரிந்ததெல்லாம் குறுக்குப் பாதை. தூரம் குறைவு என்று லயத்துக்கு மேலே செங்குத்தாக ஏறும் கொங்கிரீட் ரோட்டையே பிடித்தேன். இருநூறு மீற்றர் போவதற்குள் முன்சக்கரம் தூக்கும், மூச்சு நெஞ்சில் நிற்கும். போனில் பார்த்தால் நூறு மீற்றருக்குப் பதினெட்டு மீற்றர் ஏற்றம். என் கால்களுக்கு வலு போதாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு அது மாறியது. மேலே ஏற முடியாமல் திரும்பி இறங்கும்போது, ரோட்டைக் குறுக்கே வெட்டியிருந்த கானில், அதாவது வடிகாலில், பின்சக்கரம் இடித்துக் காற்று போய்விட்டது. தள்ளிக்கொண்டு, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்துக்கு வந்து, படியில் உட்கார்ந்து டியூபைக் கழற்றினேன். இரண்டு வெட்டு, பக்கத்தில் பக்கத்தில், பாம்பு கடித்தது மாதிரி. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கினால் அப்படித்தான் வெட்டும். மடுவத்துத் தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

“என்ன தம்பி, காத்துப் போயிருச்சா?”

“ஆமாங்க ஐயா. கான்ல இடிச்சிருச்சு.”

“இந்தக் குத்து ஏத்தத்துல எதுக்கு வாறீங்க? லொறி ரோட்ல போங்க. சுத்துதான், ஆனா அது மாட்டு வண்டிக்கு வெட்டின ரோடு. சாமான் ஏத்துன மாடு நிக்காமப் போகணும்னு அளந்து வெட்டுனது.”

அவருடைய அப்பா ரோடு வெட்டும் வேலையில் இருந்தவராம். அலவாங்கும் மம்மட்டியும் பிடிக்கும் முன்னால், துரையோடு மலைக்குள் போய்க் கம்பு பிடிக்கிற வேலை. “ஒரு பித்தளைக் குழாய், கம்புல தொங்கும். அதுக்குள்ள துரை ஒரு கண்ணால பாப்பாரு. எங்கப்பா தூரத்துல தட்டுக் கம்பப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. மேல போ, கீழ வான்னு கையக் காட்டுவாங்க. சரியா வந்த எடத்துல முளை அடிக்கிறது. அந்த முளைய ஒட்டித்தான் மலைய வெட்டுனாங்க.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரியில் நிலஅளவை படித்தபோது இந்தக் கருவியைப் படமாக வரைந்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் அதன் பெயரே ‘சிலோன் காட் டிரேசர்’. குழாயின் ஒரு முனையில் கண் வைக்கும் துளை, மறுமுனையில் குறுக்குக் கம்பி, குழாயின் மேல் நகர்கிற ஒரு பாரம். பாரம் பூச்சியத்தில் இருந்தால் பார்வை மட்டமாக இருக்கும். நகர்த்தினால், இருபதுக்கு ஒன்று (இருபது அடி போனால் ஒரு அடி ஏற்றம்), பதினைந்துக்கு ஒன்று என்று வேண்டிய சரிவுக்குக் குழாய் சாயும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தப் படத்தின் மறுமுனையில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது எங்கள் ஆட்கள் என்பதை அந்த மடுவத்துப் படியில்தான் கேட்டேன்.

அன்றிரவே நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை விரித்தேன். சமவுயரக் கோடுகளை வெட்டிக்கொண்டு நேராக மேலே போவது எல்லாம் நடைபாதை. கோட்டை ஒட்டியே வளைந்து வளைந்து மெதுவாகத் தாண்டுவது வண்டி ரோடு. அடுத்த ஞாயிறு லொறி ரோட்டில் ஏறினேன். கீழ்ப்பிரிவு மடுவத்திலிருந்து மேற்பிரிவு வரை 4.2 கிலோமீற்றர், 205 மீற்றர் ஏற்றம். வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இருபதுக்கு ஒன்று. மூன்று வாரமாக என்னால் ஏற முடியாத அதே உயரத்துக்கு ஒருமுறைகூடக் கால் ஊன்றாமல் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து ரோட்டின் சரிவைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறேன், கிலோமீற்றர் எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை.

சைக்கிளிலும் சில மாற்றம் தேவைப்பட்டது. வாங்கியபோது முன்பல் 40, பின்னால் பெரிய பல் 36. மிதியை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒன்றுக்கு மேலே சுற்றும். இந்த மலைக்கு அது பாரம். ஜூனில் பின்னால் 11–42 போட்டேன், சின்னப் பல் 11, பெரிய பல் 42. இப்போது ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுக்கும் கொஞ்சம் குறைவு. முழங்கால் வலி அதோடு நின்றது. புதிதாக வாங்குகிறவர்கள் வண்டியின் எடையைப் பார்க்கும் முன் இந்தப் பல்லை எண்ணிப் பாருங்கள்.

காற்று விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்தேன். முதலில் 55 பிஎஸ்ஐ, கல் அடுக்கிய ரோட்டில் கை மரத்துவிடும், இறக்கத்தில் டயர் துள்ளித் துள்ளிப் பிடிமானம் போகும். பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு 30க்கு இறக்கினேன், அந்தப் பாம்புக்கடிதான் பலன். 30 போதும் என்பது டியூப் இல்லாத டயர்க்காரர்களின் கணக்கு. அந்த டயருக்கு உள்ளே ஊற்றும் திரவம் எங்கள் பக்கம் கிடைப்பது கஷ்டம், அதனால் நான் டியூபிலேயே இருக்கிறேன். 68 கிலோ உடம்புக்கு முன்னால் 36, பின்னால் 40 சரியாக வருகிறது.

கானைத் தாண்டுவது தனி வித்தை. மழைத்தண்ணீர் ரோட்டை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க, ஐம்பது அறுபது அடிக்கு ஒன்று குறுக்கே வெட்டியிருப்பார்கள், ஒரு சாண் ஆழம். சாய்வாகப் போனால் சக்கரம் கானுக்குள்ளேயே ஓடி ஆளைத் தேயிலைச் செடிக்குள் தள்ளும். நேராகப் போக வேண்டும். கானுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக்கை விட்டுவிட்டு, ஆசனத்திலிருந்து எழுந்து, முழங்கையைத் தளர்த்தி, ஹேண்டிலை மெல்ல நெஞ்சுப் பக்கம் இழுத்தால் முன்சக்கரம் தானாகவே மேலே வரும். பின்சக்கரத்துக்கு உடம்பை முன்னால் கொடுத்தால் போதும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் அடி விழும். நான் இரண்டு முறை விழுந்தேன், ஜூலைக்குப் பிறகு விழவில்லை.

தோட்டத்து ரோடு தோட்டத்துக்குச் சொந்தமானது. முதல் தடவை போகும் இடத்தில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயாவிடமோ காவல்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன், இதுவரை யாரும் மறுக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் லொறி வரும், அப்போது ரோட்டில் இருக்காமல் பார்த்துக்கொள்கிறேன். மருந்தடிக்கும் மலைப் பக்கம் போவதில்லை. முக்கியமாக, முதுகில் கொழுந்தோடு வருகிற அம்மாமாருக்கு மலைப் பக்கத்தை விட்டுவிட்டு நான் இறங்கி நிற்பேன். எங்கள் அம்மா அப்படி நடந்தவர். மணி அடித்து அவர்களை ஒதுங்கச் சொல்வதற்கு எனக்கு மனம் வராது.

ஜூலையில் லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சி முனைக்குப் போனேன். அப்புத்தளையிலிருந்து தம்பதென்ன ஃபெக்டரி வரை ஒடுக்கமான ரோடு, பஸ் ஓடும், ஆனால் காலை ஐந்தரைக்கு யாருமில்லை. 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய ஃபெக்டரி அது. அங்கிருந்து ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் தேயிலை மலைகளுக்குள் வளைந்து வளைந்து உச்சிக்கு. முதல் முறை மூன்று இடத்தில் நின்று 1 மணி 25 நிமிடம். ஆகஸ்ட் கடைசியில் நிற்காமல் 58 நிமிடம். ஏழு மணிக்கு முன் போய்விட்டால் தெற்கே கீழ்நாடு முழுவதும் தெரியும். ஒன்பது பத்துக்கெல்லாம் மூட்டம் மேலே வந்து எல்லாவற்றையும் மூடிவிடும், அதோடு ஆட்டோக்களும் வரத் தொடங்கும். அதனால் இறங்கும்போது பெரிய ரோட்டை விட்டு, மலைகளுக்கு நடுவே போகும் ரோடுகளால் வருகிறேன். அப்படி இறங்கும் ஒன்றரை மணி நேரத்தில் கேட்பது காற்றும், கொழுந்து பறிப்பவர்களின் பேச்சும், செயின் ஓடும் சத்தமும்தான்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் அட்டன், தலவாக்கலைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அந்த மழையை மேற்கு மலைகள் வாங்கிக்கொள்ள, அப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணத்துக்கு வருவது காய்ந்த கச்சான் காற்று மட்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் மணம் ஏறுகிறது. ரோடும் அப்போதுதான் இறுகுகிறது: சேறு இல்லை, அட்டை இல்லை, டயர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அப்புத்தளை இருப்பது மலையின் முதுகில். கணவாயில் திரும்பும்போது கச்சான் பக்கவாட்டில் அடித்து வண்டியை ஒரு முழம் நகர்த்தும். சவுக்கு மரங்களின் இரைச்சல் கூடினால் அடுத்த வளைவில் காற்று இருக்கிறது என்று கணக்கு. அந்த இடத்தில் கையைக் கீழ் வளைவில் வைத்துக் குனிந்துவிடுவேன்.

பிரேக் பேட்தான் இன்னும் தீராத பிரச்சினை. செப்டம்பர் நடுவில் ஒரு திடீர் மழையில் இறங்கியபோது, மணலும் தண்ணீரும் சேர்ந்து பாதியிருந்த பேட்டை ஒரே நாளில் இரும்பு வரை தேய்த்துவிட்டது. ஒரு கடையில் எல்லாம் ஒன்றுதான் என்று தந்தது பொருந்தவில்லை. இப்போது பழைய பேட்டையே கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குகிறேன், பையில் ஒரு சோடி கூடுதலாக இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடிப்பதையும் நிறுத்திவிட்டேன். வளைவுக்கு முன் இறுக்கி ஒரு பிடி, பிறகு முழுக்க விடுவது. டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது.

ஒக்டோபரோடு மழை எங்கள் பக்கம் திரும்பும். பிறகு வடகீழ்ப் பருவம், ஜனவரி வரை ஊவா ஈரம்தான். அப்போது மேற்குப் பக்கம் காய்ந்து, திம்புளைத் தேயிலைக்குச் சீசன் வரும். ஜனவரி, பெப்ரவரியில் சைக்கிளை ரயிலில் ஏற்றித் தலவாக்கலையில் இறங்கலாம் என்று யோசனை. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், பழைய தோட்டத்துப் பாதைகளை இணைத்துப் போட்டிருக்கும் பீகோ டிரெயில் அந்தப் பக்கமும் போகிறது. அது முதலில் நடப்பவர்களுக்கான பாதை, சில இடங்களில் படிக்கட்டும் உண்டு. அதனால் வண்டி ரோடாக இருக்கும் துண்டுகளை மட்டும் வரைபடத்தில் பென்சிலால் குறித்து வருகிறேன்.

அதற்கு முன் இந்த ஞாயிறு கீழ்ப்பிரிவு மடுவத்துக்குப் போக வேண்டும். காட் டிரேசரின் படத்தைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறேன். அவருடைய அப்பா பிடித்த தட்டுக் கம்பு எப்படி இருந்தது, எவ்வளவு உயரம் என்று கேட்டு அதிலேயே வரைந்துகொள்ள ஆசை. வெற்றிலையும் பாக்கும் ஒரு பொட்டலம் கட்டியாகிவிட்டது.