பாம்பில் இருக்கும் இரண்டு பானா

ஃபிலிக்ஸ்டோ என்ற ஊர்ப் பெயரிலேயே வம்பு ஆரம்பித்துவிடுகிறது. தண்டையார்ப்பேட்டையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது 'பிலிக்ஸ்டோ'. அம்மாவுக்கு அதுகூட நீளம், 'பிலீசு ஊரு' என்று சுருக்கிவிட்டாள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபக் பகுதியில் இருக்கிறது. அந்த நாட்டின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகம். கன்டெய்னர் முனையம் அங்கே 1967இல் வந்தது. நம்ம சென்னைத் துறைமுகத்துக்கு 1983இல். ஃபிலிக்ஸ்டோவில் லாரிகளை அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க போனில் பேசுவது என் வேலை. அதற்கு முன் மணலிப் பக்கம் ஒரு கிடங்கில் டேலி எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே வேலைதான்: கன்டெய்னர் நம்பரைக் கேட்பது, சொல்வது, எழுதுவது.

மணலியில் யாருக்கும் என் உச்சரிப்பு இடைஞ்சலாக இருந்ததில்லை. ஃபிலிக்ஸ்டோவில் என் சொந்த முகவரியையே சொல்ல முடியவில்லை. ஊரின் அஞ்சல் குறியீடு ஐ.பி. 11 என்று தொடங்கும், பேப்பருக்கு வரும் பி. நான் ஐ.பி. என்பேன். எதிர்முனையில் பஸ்ஸுக்கு வரும் பி-யை எழுதிக்கொண்டு, அப்படி ஒரு ஊரே இல்லையே என்பார்கள். சத்தமாகச் சொன்னால் அதே பி இன்னும் சத்தமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

நமக்கு இரண்டு ஒலியும் வராமல் இல்லை. பாம்பு என்று சொல்லிப் பாருங்கள்: முதல் பானா ஒன்று, மகரத்துக்குப் பின்னால் வருகிற பானா வேறொன்று. பிறந்ததிலிருந்து இரண்டையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். சிக்கல் மூச்சில். பேப்பர், பார்க் போன்ற சொற்களின் முதல் எழுத்தை ஆங்கிலேயர்கள் ஒரு மூச்சை வெளியே தள்ளிச் சொல்கிறார்கள். நம் பானாவில் அந்த மூச்சு கிடையாது. மூச்சு இல்லையென்றால் அவர்கள் காது அதை பஸ்ஸின் பி என்று எடுத்துக்கொள்கிறது. டீ-யின் முதல் எழுத்துக்கும் காபியின் முதல் எழுத்துக்கும் இதே கதைதான்.

இதை எனக்கு விளக்கியது இங்கிலாந்துக்காரர் யாருமில்லை. போன லீவில் பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ-இந்திய ஆன்ட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். ரயில்வே குடும்பம், சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். என்னை 'ஸ்பின்' என்று சொல்ல வைத்து போனில் பதிவு செய்தார். பிறகு பதிவின் முன்பகுதியில் இருந்த 'ஸ்' சத்தத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டுக் காட்டினார். மிச்சம் இருந்தது அவர் காதுக்கு குண்டூசி 'பின்' இல்லை, குப்பைத் தொட்டி 'பின்'. அவரே சொல்லி வெட்டினாலும் அப்படித்தான் கேட்டது. 'ஸ்'க்குப் பின்னால் வரும்போது ஆங்கிலேயர்களும் மூச்சைத் தள்ளுவதில்லையாம். நம் பானா அங்கே மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அப்புறம் சுவரில் இருந்த தினசரி காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, விரல் அகலத்துக்கு நறுக்கி, என் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டார். பேப்பர் என்றால் தாள் துள்ள வேண்டும், பஸ் என்றால் அசையக் கூடாது. எனக்கு ராகுகாலம் எழுதின துண்டு. ரொம்ப நேரம் அது அசையவே இல்லை.

இந்த லீவில் அந்தத் தாள் என் அக்கா மகன் கைக்கு வந்திருக்கிறது. அவன் மேற்படிப்புக்கு இங்கிலாந்துக்கு வருகிறான். அதற்கு எழுதுகிற ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு உச்சரிப்புக்குத்தான்; அதில் தேறிவிட்டான், அதனால் கொஞ்சம் தெனாவெட்டு. "பி ஃபார் பாம்பேன்னு சொல்லிட்டுப் போவேன், இதுக்கு இன்னாத்துக்கு மாமா பேப்பரு?" என்கிறான். நியாயமான கேள்விதான். எழுத்துக்கு ஒரு சொல்லாக பிராவோ, பாப்பா, விக்டர், விஸ்கி என்கிற வரிசை 1956லிருந்து உலகம் முழுக்க வானொலியில் புழங்குகிறது, எங்கள் அலுவலகத்திலும் அதுதான். ஆனால் ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு விக்டர், விஸ்கி என்று சொல்ல முடியுமா?

சாயங்காலம் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடையில் உட்காருகிறோம். பாடப் புத்தகம் எதிரிலேயே நிற்கிறது, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை. அவன் ஒரு பெட்டியின் நம்பரைப் படிப்பான். நான் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆங்கிலேயர் காதுக்கு எப்படி விழுமோ அப்படி எழுதுவேன். டி.ஜி.பி.யு. என்று ஒரு முன்னெழுத்து வரும். இங்கே எழுதியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்த டி, எந்த பி என்று உங்களால் சொல்ல முடியாது. நாலு விதமாகப் படிக்கலாம். எங்கள் பயிற்சியே அந்த நாலில் ஒன்றைத் தேறவைப்பதுதான்.

சரியா தப்பா என்று பெட்டியே சொல்லிவிடும் என்பதுதான் இதில் அழகு. நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் போட்ட ஓர் இலக்கம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு; பஸ் பி-க்கு 12, பேப்பர் பி-க்கு 27. இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம் (மீதி 10 என்றால் 0). பி மாறினால் கணக்கு அநேகமாக உதைக்கும். பையன் போனிலேயே கணக்குப் போட்டுவிடுகிறான். உதைத்தால் டீக்காசு அவனுடையது.

வி-யும் டபிள்யூவும் இன்னும் மோசம், தமிழில் இரண்டுக்கும் வகரம் ஒன்றுதான். துறைமுகத்தில் எல்லோரும் மேலே மாட்டுகிற மஞ்சள் உடுப்பும் வெஸ்ட், மேற்குத் திசையும் வெஸ்ட். உடுப்புக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், திசைக்குப் பல் எங்கேயும் படக் கூடாது. உதட்டைக் குவித்து 'ஊ' என்று ஆரம்பித்துத் திறக்க வேண்டும். சலூன் கண்ணாடி முன்னால் செய்துபார்த்தால் நன்றாகப் புரிகிறது. சலூன்காரர் எங்களைப் பற்றி என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

ஜீரோவுக்கு மண்ணடியில் உருது பேசுகிற நண்பன் ஒருவன் வாத்தியார். 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டே தொண்டையில் விரல் வை, அது அதிரும்வரை குரல் கொடு என்றான். காதோரம் கொசு பறக்கிற ஒலி வரும், அதுதான் ஜீரோவின் முதல் எழுத்து. அவனுக்கு அது தாய்மொழியிலேயே இருக்கிறது. தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்காவுக்கோ பானாக்கள் தனித்தனி எழுத்து. வடசென்னையில் ஒரே தெருவில் பாதி ஒலிகள் கிடைத்துவிடும், கேட்டு வாங்க வேண்டியதுதான்.

'த்ரீ'யை நான் தொடவே இல்லை. விமான வானொலி விதிகளில் அதை 'ட்ரீ' என்றே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் லாரி டிரைவர்களில் பாதிப் பேர் 'ஃப்ரீ' என்கிறார்கள், அவர்கள் அங்கேயே பிறந்தவர்கள். வாயப்பயம் என்று சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நின்ற ஊர்க்காரன் நான். எல்லா ஒலியையும் திருத்திக்கொண்டுதான் வண்டி ஏற வேண்டும் என்று பையனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. முகவரி, பெயர், நம்பர், இந்த மூன்றில் எந்த எழுத்து இடிக்கிறதோ அதைப் பார்த்தால் போதும்.

அவனுக்குக் காலண்டர் தாள் இப்போது துள்ளுகிறது. வெஸ்ட் இரண்டும் பத்துக்கு ஏழு தேறும். ஜீரோ மட்டும் இன்னும் ஜகரத்திலேயே நிற்கிறது. மண்ணடிக்கு இன்னொரு முறை கூட்டிப்போக வேண்டும்.