மூன்றாம் தந்தி: நாட்குறிப்பு

ஒக்டோபர் 17

கிடத்திவைத்துக் கால்மிதிகளையும் அழுத்தி வாசிக்கும் என் பெடல் ஸ்டீல் கிற்றாரில் மூன்றாம் தந்தி மறுபடியும் அறுந்தது.

ஒக்டோபர் 19

அறுந்த முனையை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். வழக்கம்போலவே, வலக்கைப் பக்கத்தில், சுருதியை மாற்றும் சேஞ்சர் என்ற பொறியின் வளைந்த தலைமீது தந்தி ஏறி இறங்கும் இடத்தில்தான் போயிருக்கிறது. பி மிதியை அழுத்துந்தோறும் பெட்டிக்கு அடியிலுள்ள கோல் அந்தத் தலையை இழுக்கிறது; தந்தி இறுகி அரைச்சுரம் ஏறுகிறது; காலை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரே புள்ளியில் மடங்கியும் நிமிர்ந்தும் கொண்டிருக்கும் 0.011 அங்குலக் கம்பி எவ்வளவு காலத்துக்குத் தாங்கும்? பத்துத் தந்திகளில் மிக மெல்லியதும் இதுதான், மிக உயர்ந்த சுருதியில் நிற்பதும் இதுதான். சாதாரணக் கிற்றாரின் முதலாம் தந்தி எந்தச் சுருதியில் நிற்குமோ அந்தச் சுருதியில் இங்கே நான்காம் தந்தி நிற்கிறது. மூன்றாவது அதற்கும் மேலே இரண்டு முழுச்சுரம் இறுக்கிக் கட்டப்பட்டது. அண்ணா பெட்டியோடு அனுப்பிய தந்திகளில் மூன்றாவதற்கு இனி மாற்று இல்லை.

ஒக்டோபர் 20

நகருக்குப் போனேன். கடைக்காரருக்குப் பெடல் ஸ்டீல் கிற்றார் என்று ஒன்று இருப்பதை விளக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இறுதியில், 11இல் தொடங்கும் அக்கூஸ்ரிக் கிற்றார்த் தந்திக் கட்டு ஒன்றை வாங்கிவந்தேன். ஆறில் முதலாவது மட்டுமே எனக்கு உதவும். மற்ற ஐந்தையும் அடுத்த வீட்டுப் பெடியனிடம் கொடுத்தேன். என்னைப் பெரிய கொடையாளி என்று நினைத்திருப்பான்.

அம்மாவின் மருத்துவ அறிக்கை அடுத்த கிழமையாம்.

ஒக்டோபர் 24

இடது பாதம் ஏ மிதியிலும் பி மிதியிலும் ஒருசேர இருக்க வேண்டும். கணுக்காலைச் சற்றே சரித்தால் ஒன்று மட்டும் இறங்க வேண்டும். வலது பாதமோ முழு நேரமும் வொலியூம் மிதிக்குச் சொந்தம். மீட்டும்போது பாதியில் நின்று, ஒலி தேயத் தேய மெல்ல அழுத்தி அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முழங்கால்கள் இரண்டுக்கும் லீவர்கள் தனியே இருக்கின்றன. வலக்கைப் பெருவிரலிலும் இரண்டு விரல்களிலும் கவசம். இடக்கையில் எஃகுப் பார். நான்கு அவயவங்களும் நான்கு வேலை பார்க்கையில் காது ஐந்தாவதாக எல்லாவற்றையும் மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதை ஐம்பதைத் தாண்டியவனின் உடம்பு இலகுவில் ஒப்புக்கொள்வதில்லை.

அம்மா உறங்கும் நேரத்தில் ஹெட்போன் போட்டே வாசிக்கிறேன். ஆனால் மிதிகளின் சத்தத்துக்கு ஹெட்போன் போட முடியாதே. "என்ன தம்பி, நடுச்சாமத்திலை ஆர் தைக்கினம்?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

ஒக்டோபர் 28

சங்கீத வாத்தியார் அம்மாவைப் பார்க்க வந்தவர், என் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, "உது எங்கடை கோட்டுவாத்தியம்தானே ஐசே, கால் வைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிப் போனார். மரியாதைக்காகத் தலையாட்டினேன். ஆனால் நாள் முழுவதும் மனத்துக்குள் அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தேன்.

கையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. கோட்டுவாத்தியத்தில் கட்டை வழுக்குவதுபோல இங்கே பார் வழுக்குகிறது. இரண்டிலும் தந்தியை விரல் அழுத்துவதில்லை. என் கருவியில் கீழே வரைந்திருக்கும் கோடுகள் கண்ணுக்குத்தான். சற்றுச் சாய்ந்து பார்த்தால் கோடே இடம் மாறித் தெரியும். விடயம் காலில் இருக்கிறது. பாரை நகர்த்தினால் அதன் கீழுள்ள தந்திகள் எல்லாம் சேர்ந்தே நகரும். மிதியோ குறித்த தந்தியை மட்டும் அசைக்கிறது. ஈ சுருதியை ஷட்ஜமாகக் கொண்டால், ஏ மிதி ஐந்தாம் தந்தியைப் பஞ்சமத்திலிருந்து சதுச்ருதி தைவதத்துக்கு ஏற்றுகிறது. பி மிதி மூன்றாம், ஆறாம் தந்திகளை அந்தரக் காந்தாரத்திலிருந்து சுத்த மத்திமத்துக்கு ஏற்றுகிறது. நான்காம் தந்தியின் ஷட்ஜம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டு மிதிகளும் இறங்கி முடிந்ததும் காது மத்திமத்தை ஆதாரமாகக் கொண்டுவிடுகிறது. அப்போது அந்த ஷட்ஜம், தான் இம்மியும் அசையாமலேயே, பஞ்சமம் ஆகிவிடுகிறது. ஆதார ஷட்ஜத்தை இடம் மாற்றிக் காட்டும் கிரக பேதத்தை வித்துவான்கள் எவ்வளவு பாடுபட்டுச் செய்து காட்டுவார்கள்! இங்கே அது ஒரு கணுக்காலில் நிகழ்ந்துவிடுகிறது. கோயிலில் ஒத்து ஊதுபவரின் சுருதியும் அசையாததுதான்; ஆனால் அது கடைசிவரை ஷட்ஜமாகவே இருக்கும்.

அடுத்த முறை வரும்போது இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குள் மூன்றாம் தந்தி அறாமல் இருக்க வேண்டும்.

நவம்பர் 2

அறிக்கை வரவில்லை. வாசிக்கவில்லை.

நவம்பர் 6

இன்று நடந்ததை விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

தொலைபேசியில் இருக்கும் சுருதிமானியை வைத்துப் பத்துத் தந்திகளையும் ஊசி நடுவில் நிற்கும்படி கட்டினேன். மூன்றாவது 415.3 ஹேர்ட்ஸ், பி மிதியை அழுத்தினால் 440. எல்லாம் அச்சொட்டாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மூன்று, நான்கு, ஐந்து தந்திகளையும் சேர்த்து மீட்டினேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "தம்பி, காந்தாரம் கூடிப்போச்சு."

சாப்பிட மாட்டேன் என்று காலையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தவர். மருந்தின் மயக்கத்தில் சொல்கிறார் என்று எண்ணி மறுபடியும் மீட்டினேன். "இறக்கு" என்றார். இறக்கினேன். "இன்னும்." சுருதிமானி சிவந்தது. "இன்னும் ஒரு பொட்டு." பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி 412இல் நின்றது.

பேனையை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். நான்காம் தந்தி 329.6. அதனோடு ஐந்தைப் பெருக்கி நான்கால் வகுத்தால் 412 வருகிறது. நல்ல தம்புராவை மீட்டி உற்றுக் கேட்டால், யாரும் கட்டாத ஒரு காந்தாரம் தானே எழுந்து ஒலிக்குமே, அதே காந்தாரம். சுருதிமானி சொல்வது பியானோவின் காந்தாரம். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகக் கூறுபோட்டதில் கிடைத்தது, இயற்கையானதைவிட மூன்று ஹேர்ட்ஸுக்கு மேல் கூடியது. பெடல் ஸ்டீல் வாசிப்பவர்களிடையே இது தீராத வழக்கு என்பது எனக்குத் தெரியும்: மானிப்படி நேரே கட்டுவோரும் இருக்கிறார்கள், காதுப்படி இறக்கிக் கட்டுவோரும் இருக்கிறார்கள். கீபோர்ட் வாசிப்பவரோடு சேரும்போது இறக்கிக் கட்டியவர் பாரைச் சாமர்த்தியமாகப் பிடித்துச் சமாளிக்க வேண்டும். என்னோடு சேர்ந்து வாசிக்க இங்கே யாரும் இல்லை. அம்மா சொன்ன இடத்திலேயே விட்டுவிட்டேன். பின்னர் பி மிதியை அழுத்திப் பிடித்தபடி, பக்கத் தகட்டிலுள்ள நைலோன் திருகைத் திருப்பி மத்திமத்தையும் சரிசெய்தேன்.

தளர்த்திக் கட்டுவதால் தந்திக்கும் கொஞ்சம் ஆயுள் கூடும் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 7

அம்மா இரண்டு இடியப்பம் சாப்பிட்டார்.

நவம்பர் 13

எல்லாம் எரிச்சலாக இருக்கிறது. இரண்டு மிதிகளையும் சேர்த்து அழுத்தினால், அசையக் கூடாத நான்காம் தந்தி ஒரு மயிரிழை இறங்குகிறது. கோல்கள் இழுக்கும் இழுவையில் பெட்டியே சற்று வளைந்து கொடுக்கிறதாம். எல்லாப் பெடல் ஸ்டீலிலும் கூடக்குறைய உள்ள குணமாம். ஷட்ஜம் அசையவில்லை என்று போன மாதம் எவ்வளவு பெருமையாக எழுதினேன்! அசைகிறது.

கிளினிக்கில் கறுத்த கதிரையில் காலையிலிருந்து இருத்திவைத்துவிட்டு, மாலையில் வேறொரு திகதி தந்தார்கள்.

நவம்பர் 21

மின்சாரம் இல்லை. அம்ப் இல்லாமல் வாசித்தால், தந்தியின் ஒலியைவிடக் கோல்களும் மிதிகளும் எழுப்பும் சத்தமே பெரிதாகக் கேட்கிறது. அதனால் இன்று தடுப்பதை மட்டும் பழகினேன். இந்தக் கருவியில் ஒரு சுரத்தை எழுப்புவதைவிட அதை உரிய நேரத்தில் நிறுத்துவதே கடினம். மீட்டிய தந்தியை உள்ளங்கையின் ஓரத்தால் தொட்டு அடக்கியபின்தான் அடுத்ததற்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். இருட்டில் இதைப் பழகுவது நல்லது. கோடுகளைக் கண் தேடுவதில்லை.

நவம்பர் 29

தையல் மெஷின் திருத்துபவர் சுன்னாகத்திலிருந்து வந்தார். கருவியைக் கவிழ்த்து வைத்ததும், கோல்களையும் கொக்கிகளையும் பார்த்து, முதன்முறையாக ஒருவர் என் வீட்டில் இதை மதித்தார். மூன்றாம் தந்தியைக் கழற்றி, சேஞ்சர் தலையில் விரலை வைத்துத் தடவி, "பள்ளம் விழுந்திட்டுது அண்ணை, உதுதான் கம்பியை வெட்டுது" என்றார். மெல்லிய மினுக்குத் தாளால் நெடுநேரம் பொறுமையாகத் தேய்த்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டார். கூலி வாங்க மறுத்தார். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

1954இல் வெளிவந்த, அமெரிக்கப் பாடகர் வெப் பியர்ஸின் பாட்டொன்றில் பெடல் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் ஒரே மிதியால் இரண்டு சுரங்களையும் சேர்த்தே ஏற்றினார். அதை இரண்டு மிதிகளாகப் பிரித்தவர் இன்னொரு பெடல் ஸ்டீல் கலைஞரான படி எமன்ஸ். இதை மெஷின் திருத்துபவரிடம் சொன்னபோது, "பிரிச்சதுதான் கெட்டித்தனம், ரெண்டு பிடலாய் இருந்தால்தான் ஒண்டு பிழைச்சாலும் மற்றது ஓடும்" என்றார். இசைக் காரணம் அதுவல்ல. ஆனாலும் அவரைத் திருத்த மனம் வரவில்லை.

டிசம்பர் 5

தந்தி இன்னும் அறவில்லை.

டிசம்பர் 9

அம்மா இன்று காந்தாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றே அதைக் கூட்டிவைத்து, கதவைத் திறந்துவிட்டு, திரும்பத் திரும்ப மீட்டினேன். சொல்லவில்லை.

டிசம்பர் 12

வாத்தியார் வந்தார். வாசிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. அவர் அம்மாவின் கட்டிலருகே நின்று மெல்லிய குரலில் தேவாரம் பாடினார். இரண்டாவது அடியில் அம்மாவின் விரல் தாளம் போட்டது. காந்தாரத்தை உடனே 412க்கு இறக்கி வைத்தேன்.

டிசம்பர் 14

அண்ணா அனுப்பிய தந்திகள் கொழும்புக்கு வந்துவிட்டனவாம். சி மிதியை இன்னும் தொட்டதே இல்லை. நான்காம் தந்தியை ரிஷபத்துக்கும் ஐந்தாவதைத் தைவதத்துக்கும் அது ஒன்றாக ஏற்றும். நாளை ஏழு மணிக்கு வான் வரச் சொல்லியிருக்கிறது. அதற்குமுன் ஐந்தாம் தந்தியை மாற்ற வேண்டும், துருப்பிடித்துவிட்டது.