பினாங்குப் பேயும் ராயபுரம் அடிபம்பும்

ராயபுரத்தில் பேய்களுக்குப் பிழைப்பு கிடையாது. பேய் நடமாட ஆளரவமில்லாத ஓர் இடமும் நேரமும் வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு எங்கே போவது? துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் விடிய விடிய வரிசை கட்டி நிற்கும். நடுராத்திரி தாண்டினால் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள் கூடையும் ஐஸ் பெட்டியுமாகக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு, இரண்டரைக்கு மெட்ரோ வாட்டர். இதற்கு நடுவில் ஒரு மோகினி வெள்ளைப் புடவையோடு வந்து நின்றால், "ஓரமா நில்லும்மா, வண்டி வருதுல்ல" என்றுதான் சொல்வார்கள்.

அதனால் எங்கள் வீட்டுக்குப் பேய் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. கொண்டு வந்தவர் பினாங்கு மாமா.

அம்மாவின் பெரியப்பா மகன் அவர். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலேறிப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். மாமா பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். ஒரு கல்யாணத்துக்காகச் சித்திரை வெயிலில் வந்து இறங்கினார். வந்த அன்றைக்கே, "நான் ஜார்ஜ் டவுன்காரன்" என்றார். கீழ் வீட்டு அத்தைக்கு ஒரே சந்தோஷம். "அட, நம்ம ஆளு! எந்தத் தெரு? மிண்ட் தெருவா, தம்பு செட்டித் தெருவா?"

மாமா சொன்னது பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுன். 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற வெள்ளைக்காரர் அந்தத் தீவில் கம்பெனிக்காகக் கொடி நட்டு, ஊருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பேரை வைத்தார். நம்முடையது பிளாக் டவுனாக இருந்து, ஐந்தாம் ஜார்ஜ் பேரில் 1911-ல் ஜார்ஜ் டவுன் ஆனது. "அப்போ அது எள்ளுத் தாத்தா பேரு, இது எள்ளுப் பேரன் பேரு" என்று உறவுமுறை போட்டு முடித்தார் அத்தை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் கரண்ட் போனால் எல்லோரும் மொட்டை மாடி. மாமாவுக்குப் படுக்கையும் அங்கேதான், வெளிப்படிக்கட்டுப் பக்கம் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் ஆரம்பித்தால் தீவே எழுந்து வரும். காட்டை வெட்ட ஆட்களுக்கு ஆசை காட்ட, லைட் துரை வெள்ளிக் காசைப் பீரங்கியில் போட்டுக் காட்டுக்குள் சுட்டதாக அங்கே ஒரு கதை உண்டு. "எங்க ஊர்ல கவர்ல வெச்சுத்தான் குடுப்பாங்க" என்றார் அத்தை. அந்த லைட் 1794-ல் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். அவர் கிடக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தை இரவில் சைக்கிளில் கடந்து போன சொந்த அனுபவத்தை மாமா அரை மணி நேரம் சொன்னார். சைக்கிள் செயின் கழன்றதைத் தவிர அதில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எங்களுக்கு வேர்த்துவிட்டது.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் பசித்த பேய்கள் பூமிக்கு வருமாம். அவற்றுக்காகத் தெருவில் கூத்து நடக்கும்போது முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். தெரியாமல் அதில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது.

"டிக்கெட்டும் கிடையாதா?"

"பேய்கிட்ட யாரு லா டிக்கெட் கேட்பா?"

தோயோல் என்று ஒரு குட்டிச் சாத்தானும் உண்டு. காசு திருடும். ஆனால் வழியில் கோலிக்குண்டு கிடந்தால் விளையாட உட்கார்ந்து வந்த வேலையை மறந்துவிடும். தம்பி அன்றைக்கே வாசலில் கோலிக்குண்டைக் கொட்டி வைத்தான். விடியற்காலையில் அதில் கால் வைத்தது அப்பா.

எம்டன் கதையில்தான் மாமாவுக்கும் அத்தைக்கும் முட்டிக்கொண்டது. 1914 அக்டோபர் 28, விடியும் நேரம். மூன்று புகைபோக்கி உள்ள ஜெர்மன் கப்பல் எம்டன், நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்தது. அங்கே நங்கூரம் போட்டிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்ப்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. ரஷ்யக் கேப்டன் அந்த நேரம் கப்பலிலேயே இல்லை. கரையில் இருந்தார். "அந்த மாலுமிங்க இன்னிக்கும் அமாவாசை ராத்திரியில கரையேறி வந்து, கேப்டன் எங்க, கேப்டன் எங்கன்னு தேடுறாங்க." இந்தக் கடைசி வரி மாமாவின் சொந்தச் சரக்கு என்று எனக்குச் சந்தேகம்.

அத்தை விடவில்லை. "அண்ணே, எம்டன் மொதல்ல சுட்டது எங்களைத்தான். செப்டம்பர் 22. ஹார்பர்ல எண்ணெய் டேங்க் எரிஞ்ச வெளிச்சத்துல எங்க தாத்தாவோட நைனா ராயபுரத்துல உக்காந்து சோறு துன்னாராம். உங்களாண்ட வந்தது ஒரு மாசம் கழிச்சு."

இவ்வளவு வாயாடினாலும் எங்கள் எல்லோரையும்விட அதிகம் பயந்தது அத்தைதான். அல்லது நாங்கள் அப்படி நினைத்தோம். தினமும் தன் பாயோடு முதல் ஆளாக வந்துவிடுவார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பயமா சொல்லுண்ணே" என்பார். கலையும்போது எங்கள் தலையைத் தடவி, "கண்ணுங்களா, ராத்திரில எதுனா சத்தம் கேட்டா வெளியே வந்துராதீங்க" என்பார். எவ்வளவு பாசம்!

பொந்தியானாக் என்ற பெண் பேய் கதைக்குள் வந்தது ஒரு நாள். பிள்ளைப்பேற்றில் இறந்தவள் அப்படி ஆவாளாம், வாழை மரத்தில் குடியிருப்பாளாம். அதெல்லாம் சரி. ஆனால் மாமா சொன்ன ஒரு விதிதான் எங்களைக் கொன்றது. அவள் குரல் சத்தமாகக் கேட்டால் தூரத்தில் இருக்கிறாள். மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள்.

எங்கள் வீட்டு அடிபம்பு வாசலை ஒட்டிய சந்தில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். கைப்பிடியில் பழைய லுங்கித் துணி சுற்றியிருக்கும். ஆணி தேய்ந்துபோனதால், தூக்கும்போது 'கிறீச்' என்றும் அமுக்கும்போது 'லொடக்' என்றும் சொல்லும். வழக்கமாக அடித்தால் தெருமுனை வரை கேட்கும். அன்றைக்கு ராத்திரி அந்த 'கிறீச்' கேட்டது. ஆனால் மெதுவாக, இழுத்து இழுத்து, காதோடு ரகசியம் பேசுகிற அளவுக்கு.

"மெல்லக் கேக்குது" என்றாள் அக்கா.

அவ்வளவுதான், எல்லோரும் ஒரே போர்வைக்குள். அப்பா கண்ணைத் திறக்காமலே, "பூனை" என்றார். பூனை பம்பு அடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓர் ஆண் குரல் 'ஹூம்' என்று சிரித்தது. ரஷ்ய மாலுமி என்று தம்பி முடிவு கட்டிவிட்டான்.

காலையில் குடங்கள் காலி. "ராத்திரி தண்ணி சரியாவே வரலம்மா. எனக்கே ரெண்டு கொடம்தான்" என்றார் அத்தை. அவர் பின்னால் நீல டிரம் வாய்வரை தளும்பிக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே கிறீச், அதே சிரிப்பு, அதே காலிக் குடம். கேன் தண்ணீரில் சோறு வடித்து, கேன் தண்ணீரில் முகம் கழுவி, கடைசியில் துணி துவைக்க வழியில்லாமல் போனபோது அம்மாவுக்குப் பேய் பயம் விட்டுப் போனது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் துடைப்பம். நாங்கள் பின்னால், மூன்று படி இடைவெளி விட்டு.

சந்தில் டார்ச் அடித்தால், பனியன் நனைந்து, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பம்பு அடித்துக்கொண்டிருக்கிறார் பினாங்கு மாமா. பக்கத்தில் அத்தை டிரம்முக்குத் துணி வைத்து வடிகட்டிக்கொண்டிருக்கிறார்.

"வா தங்கச்சி, பசியாறியாச்சா?" என்றார் மாமா.

நமக்கு அப்போது மணி இரண்டே முக்கால். பினாங்கில் ஐந்தேகால். மாமாவுக்கு ஊர் மாறினாலும் ஐந்து மணிக்கு முழிப்புத் தட்டிவிடும். இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒத்தாசையாவது செய்யலாமே என்று கீழே இறங்கி வந்திருக்கிறார். "பாவம், ஒத்தை ஆளா அடிக்கிறாங்க. உங்களுக்கெல்லாம் பகல்லயே தண்ணி வந்துருமாமே? பிள்ளைங்க தூங்குது, சத்தம் வராம அடிங்கண்ணேன்னு வேற சொன்னாங்க. நல்ல மனசு லா."

அத்தை அசரவில்லை. "வாம்மா. உன்னை எழுப்பலாம்னுதான் இருந்தேன். பயந்துக்குவியேன்னு விட்டுட்டேன்." ஆள் சரியான எம்டன்.

அம்மா சண்டை போடவில்லை. வீட்டிலிருந்த குடம், பக்கெட், இட்லிப் பானை எல்லாவற்றையும் எங்களைக் கொண்டுவரச் சொல்லி வரிசையாக வைத்து, "அண்ணா, நிறுத்தாதீங்க" என்றார். பைப்பில் காற்று வரும் வரை மாமா அடித்தார்.

அதற்கப்புறம் அத்தை கதை கேட்க மாடிக்கு வரவில்லை. மூட்டு வலியாம். மாமாவும் மிச்சக் கதைகளை அரைமனதாகத்தான் சொன்னார். தோள்பட்டைக்கு அமிர்தாஞ்சன் தேய்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

கிளம்பும் அன்றைக்கு அத்தை ஒரு பொட்டலத்தோடு வந்தார். வஞ்சிரக் கருவாடு, மூன்று பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டியது. "அண்ணிக்குக் குடுங்கண்ணே, என் கையால போட்டது" என்றார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கலாமா வேண்டாமா என்று அம்மாவைப் பார்த்தார்.

"வாங்கிக்கோங்கண்ணா" என்றார் அம்மா. "நம்ம தண்ணியில அலசுனதுதான்."